நாலு கிளிப்

அந்த அம்மாவின் சேலைத் தலைப்பில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு துணிக்கிளிப்புகள் கடித்துக்கொண்டு தொங்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் டஜனாக விற்கிற சாதாரணப் பிளாஸ்டிக் கிளிப்தான். நீலமும் சிவப்பும். ஒருநாள் அவர் வந்த பஸ்ஸிலேயே நானும் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவர் தோளைத் தொட்டு, "சேச்சி, சாரியில் கிளிப்பு" என்று ரகசியமாகச் சொன்னாள். கொடியிலிருந்து எடுத்த அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

"இருக்கட்டும் மோளே. எனக்கும் நாள் வரும்" என்றார் இவர்.

அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு மேட்டின்மேல் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. முன்னால் மேடம் என்போம். பின்னால் நாலு கிளிப். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்த குடும்பம். பேச்சில் பாதித் தமிழ், பாதி மலையாளம். அதில் எந்தப் பாதி எப்போது வரும் என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒரே வாக்கியத்தை இரண்டாம் முறை சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். விழிஞ்ஞத்தில் கடலுக்குள் கல் தள்ளும் வேலையில் இருந்தபோது இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. கட்டுப் பிரித்ததும் தம்பானூரில் ஒரு லாட்ஜில் போர்வை துவைத்தேன். அங்கிருந்து ஒரு காண்ட்ராக்ட்காரர் என்னை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் கழுவ அனுப்பினார். நூற்று எழுபத்தொன்பது நாள் வேலை. பிறகு ஒரு நாள் வெளியே நிற்க வேண்டும். தேவைப்பட்டால் மறுபடி நூற்று எழுபத்தொன்பது நாள். நூற்று எண்பது ஆகிவிட்டால் நான் ஏதாவது உரிமை கேட்டுவிடுவேன் என்று பயம். எனக்கு அப்போது நாற்பது வயது. சொந்த ஊரை விட்டபிறகு எந்த ஊரிலும் நூற்று எண்பது நாள் இருந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் மேடம் கேட்டார். "என்ன படிச்சிருக்க?"

"எட்டு, மேடம். ஒன்பதுல பாதி."

"மிச்சப் பாதி எங்க?"

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

"விட்டுட்டு வரத் தெரிஞ்ச ஆளு. மதி, அது போதும். இங்கிலீஷ் வாசிப்பியா?"

"எழுத்து தெரியும். கூட்டி வாசிக்க வராது."

"ரொம்ப நல்லது" என்றார். வாசிக்க வராததைப் பாராட்டிய ஒரே படித்த மனுஷி அவர்தான். காரணம் பிறகு தெரிந்தது. லேபில் குப்பை கழிக்கும் வேலை அதுவரை மாணவர்கள் கையில் இருந்தது. எந்தப் பாட்டிலை எடுத்தாலும், ஐயோ இது இன்னார் வைத்தது, இது இன்ன வருஷத்தது என்று ஒருவர் வாசித்து உருகுவார். பாட்டில் மறுபடி அலமாரிக்குப் போய்விடும். "வாசிக்கத் தெரிஞ்சவன் இரக்கப்படுவான்" என்றார் மேடம். "உனக்கு எண்ணத் தெரிஞ்சா போதும். நாலு வரைக்கும்."

விதி இதுதான். சனிக்கிழமை மதியம் மேடம் லேபைச் சுற்றி வருவார். அந்த வாரம் யாரும் தொடாத சாமானுக்கு ஒரு கிளிப் போடுவார். அடுத்த வாரமும் யாரும் தொடவில்லை என்றால், முதல் கிளிப்பின் வாலில் இரண்டாவது. அதன் வாலில் மூன்றாவது. நான்காவது விழுந்ததும் சங்கிலி தேள்வால் மாதிரி ஆடும். திங்கள் காலை நான் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆட்டோகிளேவில் வைத்து அவித்துவிட வேண்டும். அது ஒரு பெரிய குக்கர், அவ்வளவுதான். கிளிப்புகளை மட்டும் கழற்றிக் கழுவி மேடத்திடம் திருப்பித் தர வேண்டும். சாமான் போகும், கிளிப் போகாது.

நடுவில் யாருக்காவது அந்தச் சாமான் தேவை என்றால் கிளிப்பை எடுத்துவிடலாம். ஏன் எதற்கு என்று கேள்வி கிடையாது. ஆனால் இரண்டு பேர் எடுக்கக்கூடாது. "போடுறவ எடுக்கக்கூடாது. மில்லும் எடுக்கக்கூடாது. எடுத்தா அவ்வளவுதான், வேலை போச்சு" என்றார் மேடம். மில் என்றால் நான்.

இது ஏதோ அவருடைய கிறுக்கு என்று ஒரு மாதம் நினைத்தேன். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் புளிச்சோற்றுடன் அவரே சொன்னார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இதேதான் நடக்கிறதாம். வளரு, நில்லு, பிரி என்று செல்லுக்குச் சேதி கொண்டு போகிற புரதங்கள் இருக்கின்றன. சேதி சொன்னபிறகு அவை இருக்கக்கூடாது. அவற்றின்மேல் கிளிப் மாதிரி ஒரு சின்னப் புரதத்தை ஒட்டுவதற்கென்று ஆள் உண்டு. ஒன்று ஒட்டினால் பெரும்பாலும் போதாது. ஒன்றின் வாலில் ஒன்றாக நாலு சேர்ந்து சங்கிலியானால் மில்லுக்குப் போகும். மில் அரைத்துவிடும். கிளிப்பை மட்டும் வெளியே துப்பிவிடும். மறுபடி பயன்படும்.

"அரைக்காம விட்டா என்ன ஆகும் மேடம்?"

"சேதி சொன்னவன் போகமாட்டான். வளரு வளரு வளருன்னு நின்னு சொல்லிட்டே இருப்பான். செல்லும் கேட்டுட்டு வளரும். ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி வரிசைல நிக்கிறாங்களே, பாத்திருக்கியா? அதுல கொஞ்சம் பேருக்கு இந்தக் கேடு."

அவர் ஆராய்ந்துகொண்டிருந்த புரதத்தின் ஆயுசு கிட்டத்தட்ட இருபது நிமிஷம். சேதி எதுவும் வராதபோதும் செல் அதைச் செய்துகொண்டே இருக்கும், செய்தவுடன் அரைத்துக்கொண்டே இருக்கும். சேதி வந்தால்தான் அரைப்பதை நிறுத்தும்.

"அப்ப எதுக்கு மேடம் சும்மா சும்மா செய்யணும்?"

"அவசரத்துக்கு ஆள் தயாரா நிக்கணும் அல்லவா?"

"எங்க காண்ட்ராக்ட்காரரும் இதைத்தான் சொல்லுவாரு."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "உனக்கு நூத்தி எழுபத்தொன்பது நாள் இருக்கேடா. நீ பணக்காரன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அவர் இப்படித்தானாம். கல்யாணத்துக்குப் போய்வந்த கையோடு அழைப்பிதழைக் கிழித்துவிடுவார். துக்க வீட்டில் ஒரு வாக்கியம் சொல்வார், எழுந்துவிடுவார். தொலைபேசியில் எதிராளி விஷயத்தைச் சொன்னதும் "கேட்டாச்சு" என்று வைத்துவிடுவார். எதிராளி அப்போதுதான் நலம் விசாரிக்கத் தொடங்கியிருப்பார்.

ஒருமுறை வடக்கேயிருந்து ஒரு பெரிய பேராசிரியர் பேச வந்தார். அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். மைக் பெட்டி என் பொறுப்பு. மேடம் என்னைக் கூப்பிட்டு, "என் கையைப் பார்த்துட்டு இரு" என்றார். அரைமணி முடிந்தது. முன்வரிசையில் இருந்த மேடம் எழுந்துபோய், மேடையில் கிடந்த மைக் வயரில் ஒரு கிளிப் போட்டார். பேராசிரியர் அதை ஏதோ கேரள மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. மாணவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தம் சின்ன வயதுக்குப் போய், வாத்தியார்களை நினைவுகூரத் தொடங்கியபோது நான்காவது விழுந்தது. நான் மைக்கை அணைத்தேன். அவர் வாய் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

இப்படிப்பட்டவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. மாணவர்கள் பத்துப் பேரும் அவர்போலப் பேசிக் காட்டுவார்கள், அவருக்குத் தலைவலி என்றால் பத்துப் பேரும் மாத்திரை தேடுவார்கள். ஆனால் பத்துப் பேர் தேடினால் மாத்திரை வந்துசேராது. நான்தான் போய் வாங்கிவருவேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பெட்டியின் கதை.

அந்தப் பத்துப் பேர் போக இன்னொரு மாணவி, கொட்டாரக்கரைப் பக்கம். கர்ப்பமாக இருந்தாள். ஏழாம் மாதத்தில் டாக்டர் அசையாமல் படு என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார். அவளுடைய நாலு வருஷ உழைப்பு, உறைநிலைக்கு எண்பது டிகிரி கீழே இருக்கும் குளிர்பெட்டியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியாக இருந்தது. அதற்குள் இருந்த செல்கள் வேறு எங்கும் இல்லை. அவற்றை வைத்து இன்னும் ஒரே ஒரு படம் எடுத்தால் அவளுக்கு டாக்டர் பட்டம். எடுக்காவிட்டால் நாலு வருஷமும் வீண். அந்தச் செல்களின் விசேஷம் என்ன என்று ஒரு மாணவன் எனக்குச் சொன்னான். அவற்றில் இருக்கும் புரதத்தில் கிளிப் பிடிக்கும் இடத்தையே அவள் மாற்றியிருக்கிறாள். கிளிப்பே ஒட்டாத புரதம்.

அந்தப் பெட்டிக்குத்தான் சனிக்கிழமை கிளிப் விழுந்தது.

குளிர்பெட்டிக்குள் பிளாஸ்டிக் ஒடிந்துவிடும். அதனால் கதவுக்கு வெளியே மேடம் ஒரு கயிறு கட்டியிருந்தார், அப்பா கடைக் கயிறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கயிற்றில் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் பெயர் இருக்கும். கிளிப் அட்டைக்குத்தான். ஒருவாரம் ஒன்று. மறுவாரம் இரண்டு. மூன்றாம் வாரம் மூன்று. எல்லோரும் அந்த வழியாகத்தான் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

"அண்ணா, அதின்றே கிளிப்பு ஆரும் எடுத்தில்லே?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"நீங்க எடுக்கலாமே. கேள்வி கிடையாதே."

"நானோ? அவளோட கூட்டுக்காரி அங்க உண்டல்லோ. அவள் எடுக்கும்."

அவளுடைய தோழியிடம் கேட்டேன். "அந்தச் சேட்டன் எடுக்கும் அண்ணா. அவர்தானே சீனியர்" என்றாள். சீனியர் மாணவனிடம் கேட்டேன். அவன் குளிர்பெட்டியில் இடமில்லாமல் மூன்று மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தவன். "மேடம் பாத்துக்கிடும் அண்ணா. மேடம் அத்ர கொடூரம் ஒன்னும் இல்ல" என்றான். அடுத்த சனிக்கிழமை நான்காவது கிளிப் விழும், திங்கட்கிழமை அந்த நாலு வருஷத்தை நான் அவிக்க வேண்டும் என்பது அவன் கவலையில் இல்லை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மேடத்துக்குத் தெரியாமல் எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வந்துவிட்டிருந்தது. பாட்டில் பாட்டிலாகக் கழுவினால் யாருக்கும் வரும். நான் அந்த அட்டையை வாசித்தேன். அவள் பெயர், தேதி, கீழே சின்ன எழுத்தில் பென்சிலால் 'தயவுசெய்து' என்று இங்கிலீஷில். அதற்கு மேல் எதுவும் எழுத இடமில்லை.

புதன்கிழமை மதியம் லேபில் யாரும் இல்லை. மூன்றாவது கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் நூற்று எழுபத்தொன்பதில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. மாட்டிக்கொண்டால் அதோடு சரி. சட்டைப்பை என்னமோ கனத்தது. இதைவிடப் பெரிய திருட்டுக்கெல்லாம் கனத்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. மேடம் தலைப்பிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து, வாயைத் திறந்து பிடித்தபடி கயிற்றருகே போனார். நின்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"இதுல ரெண்டு இருக்கணுமே. ஒண்ணுதானே இருக்கு?"

சீனியர் மாணவன் உதவியாகச் சொன்னான். "இல்ல மேடம், மூணு. போன சனியாழ்ச்ச மூணாவது போட்டீங்க. ஞான் கண்டதானே."

எண்ணத் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான் என்றில்லை. எல்லோருக்கும் மெதுவாகப் புரிந்தது. மூன்று போட்டவர் இரண்டு இருக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்றால், நடுவில் ஒன்றை எடுத்தவர் யார்? மேடத்தின் கழுத்து சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். வாய் திறந்த கிளிப் கையிலேயே இருந்தது.

"ஒண்ணு நான் எடுத்தேன் மேடம்" என்றேன்.

"எப்போ?"

"புதன்கிழமை."

"ஞான் வியாழன்" என்றார். "எத்தனை இருந்துச்சுன்னு பாக்கல. பாக்காம எடுத்தேன். அதான் தப்பு."

எடுத்தது தப்பில்லை, எண்ணாததுதான் தப்பு என்பதுபோல இருந்தது பேச்சு. பிறகு பத்து மாணவர்களையும் வரிசையாகப் பார்த்தார். "எடுக்கக்கூடாத ரெண்டு பேரும் எடுத்தாச்சு. எடுக்கலாம்னு இருக்கிற பத்துப் பேர்ல யாராவது உண்டா?"

தோழி அழுதுகொண்டே வந்து மிச்சமிருந்த ஒரு கிளிப்பைக் கழற்றினாள். பெட்டி பிழைத்தது. ஊரில் படுத்திருந்தவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவள் பிறகு குழந்தையோடு வந்து, அந்தப் படத்தை எடுத்து, டாக்டரானாள். நன்றி பக்கத்தில் பத்துப் பேருடைய பெயரும் இருக்கிறதாம். நியாயம்தான்.

அன்று மாலையே மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தத் தவணை முடிஞ்சா உன்னை மறுபடி எடுக்கமாட்டேன். கேட்டியா?"

"கேட்டாச்சு மேடம்."

"வெஷமம் உண்டா?"

"வருத்தம் ஒண்ணும் இல்ல மேடம். எப்படியும் போற ஆளுதான்."

கொஞ்ச நேரம் ஒரு கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லல. அந்த மில்லு இருக்கே, செல்லுக்குள்ள. அதோட வாசல்லயே ஒருத்தன் உக்காந்திருப்பான். கடைசி நேரத்துல கிளிப்பைக் கழட்டுறவன். அவன் கழட்டினா சிலது அரைபடாமத் தப்பிச்சுப் போகும். மில்லோட ஆளுதான் அவனும்."

"ஏன் மேடம் சொல்லல?"

"சொன்னா நீ எடுக்கத் தொடங்கிருவே."

"சொல்லாமலே எடுத்தேனே."

"ம்" என்றார். "அதான் பாக்கேன்."

"அப்ப கிளிப் போடுறவங்க? அவங்களும் எடுப்பாங்களா?"

"அதுல சிலது தனக்குத்தானே போட்டுக்கும்" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கயிற்றில் ஒரு புது உறை தொங்கியது. நிலையத்தின் முத்திரை போட்ட நீள உறை, வாய் ஒட்டாதது. அதில் மேடம் ஒரு கிளிப் போட்டார். திங்கட்கிழமை உறைக்குள் பார்த்தேன். மேடம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். இன்னும் இரண்டு வருஷம் இருந்து லேபை நடத்தும்படி டைரக்டர் கேட்டிருந்தார். கீழே அவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. காலியாக இருந்தது.

யாருக்காவது தேவை என்றால் கிளிப்பை எடுக்கலாம். கேள்வி கிடையாது.

"மேடம் ஒப்பிட்டோ?" என்று கையெழுத்தைப் பற்றிக் கேட்க ஆபீஸ் கிளார்க் வந்தார். உறையைப் பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார். "அது மேடத்தின்றே ஓரோ தமாசா" என்றார். மாணவர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் நின்று பார்த்தார்கள். மேடம் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் நிஜமாகவே கவலைப்பட்டார்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பத்துப் பேரும் நம்பினார்கள். பெட்டி விஷயத்தில் பட்டபிறகுமா என்று கேட்பீர்கள். பட்டபிறகுதான் இன்னும் உறுதியாக நம்பினார்கள். போன முறை கடைசியில் யாரோ எடுத்தார்களே.

சனிக்கிழமைகளில் மேடம் கயிற்றருகே வரும்போது உடனே கிளிப்பைப் போட மாட்டார். முதலில் எண்ணுவார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. எண்ணி முடித்தபிறகும் ஒரு மூச்சு நேரம் நிற்பார். அதை நான் மட்டும் பார்த்தேனா, எல்லோரும் பார்த்தார்களா தெரியாது.

நான்காவது விழுந்த பிறகு வந்த திங்கட்கிழமை எனக்கு நூற்று எழுபத்தொன்பதாவது நாள். காலையில் போனேன். உறையின்கீழ் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. மேடம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து, ஆட்டோகிளேவ் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாசிச்சியா?"

வாசிக்க வராது என்று சொல்லத் தோன்றவில்லை. "வாசிச்சேன் மேடம்."

"யாராவது எடுத்தாங்களா?"

"இல்ல."

"நீ எடுப்பியா?"

இன்றைக்கும் இந்தக் கேள்வியை நான் புரட்டிப் பார்ப்பதுண்டு. அவர் கேட்டது கேள்வியா, வேண்டுகோளா, அல்லது என்னைச் சோதித்தாரா? முகத்தில் எதுவும் இல்லை. நான் எடுத்திருந்தால் அவர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி வேறு. அது தேவைப்பட்டவள் எழுந்து வர முடியாமல் படுத்திருந்தாள். இங்கே தேவைப்பட்டவர்கள் பத்துப் பேர், தினமும் எட்டு முறை தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

"தேவைப்பட்டவங்க எடுக்கல மேடம்" என்றேன். "நாலு இருக்கு."

"அப்போ வேலையைப் பாரு."

கிளிப்புகளைக் கழற்றினேன். உறையை உள்ளே வைத்து மூடினேன். காகிதத்தை அவிக்கத் தேவையில்லை, கிழித்தால் போதும். ஆனால் விதி விதிதான். நீராவி சீறி அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். வெளியே எடுத்தபோது அது தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது.

நற்சான்றிதழ் ஏதாவது எழுதித் தருவாரா என்று கேட்டேன். அந்த நாலு கிளிப்பையும் என் கையில் வைத்து விரல்களை மூடினார். நசுங்கிய இரண்டு விரலும் மூடாது. அவரே மடக்கினார். "மதி, போ" என்றார். நான் நலம் விசாரிக்கத் தொடங்கினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மாதக் கடைசியில் அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது என்று கேள்விப்பட்டேன். பத்துப் பேரும் பேசினார்களாம். மேடம் போயிருக்கக்கூடாது, இன்னும் இரண்டு வருஷமாவது இருந்திருக்க வேண்டும் என்று ஆளுக்கு இருபது நிமிஷம். மைக்கை அணைக்க ஆள் இல்லை.

இப்போது நான் மறுபடி விழிஞ்ஞத்தில் இருக்கிறேன். துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற பக்கம் கூட்டித் துடைக்கிற வேலை. ஆறு பேர் ஓர் அறையில் படுக்கிறோம். ஓரிடத்தில் ஒரு மாதம் அதிகமாக இருந்துவிட்டால், கதவுக்குப் பின்னால் தொங்கும் என் பையின் காதில் ஒரு கிளிப் போடுவேன். மறுமாதம் அதன் வாலில் ஒன்று. நாலு ஆனால் கிளம்பிவிடுவேன். அவர் கொடுத்த நாலும் பழுதில்லாமல் இருக்கின்றன. எத்தனையோ ஊரை முடித்துவிட்டன.

போன மாதம் மூன்றாவதைப் போட்டேன். நேற்று நான்காவதைப் போடலாம் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தது.

அறையில் யாரோ துணி காயப்போட எடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.